திட புத்தியுடன் எழுதிக்கொடுத்தது

மஞ்சக்குப்பம், கடலூர்
12.6.2024

கயலுக்கு,

உன் அண்ணன் பாலகுமார் எழுதுகிறேன். போன் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாம் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்திலேயே குரல் ஏறிவிடும். இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். வாயைவிடப் பேனாதான் எனக்குச் சொன்னபடி கேட்கும்.

அப்பா போய் மூன்று மாதம் ஓடிவிட்டது. எடுக்கிற அன்றைக்கு நீயும் செம்பியன் மச்சானும் வந்து மாலை போட்டுவிட்டு, தெருமுனையிலேயே கடைசிவரை நின்றதைப் பார்த்தேன். உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கலாம். சுற்றிலும் சொந்தக்காரர்கள், எனக்கும் ஒன்றும் ஓடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு வரியை என் பேருக்கு மாற்ற மனு கொடுத்திருக்கிறேன். அப்பா வீட்டை எனக்கு எழுதி வைத்த உயில் இருந்தாலும் வாரிசுச் சான்றிதழில் உன் பேரும் இருக்கிறது. அதனால் உன்னிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார்கள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். உயிலை நீ பார்த்ததே இல்லை என்று உன் அண்ணி ஸ்ரீமதி சொன்னாள். அதன் நகலும் உள்ளே இருக்கிறது.

வீட்டு மனை, அப்பா மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தபோது தன் சம்பளத்தில் வாங்கியது. யாருக்கு எழுதி வைப்பது என்பது அவர் இஷ்டம். அவர் சொன்னார், நான் எழுதினேன். அதற்குமேல் என் பங்கு இதில் எதுவும் இல்லை.

இசைவாணி இப்போது எத்தனாவது படிக்கிறாள்? மச்சானைக் கேட்டதாகச் சொல்.

பாலகுமார்


சிதம்பரம்
20.6.2024

அண்ணனுக்கு,

எனக்குக் கல்யாணம் ஆகி எட்டு வருஷம். அவரை நீ மச்சான் என்று சொல்லி இப்போதுதான் பார்க்கிறேன். கையெழுத்து தேவைப்படும்போது உறவுமுறை தானாக வந்துவிடுகிறது. அவரிடம் காட்டினேன். சிரித்தார். கீரப்பாளையம் காலனி வீட்டுப் பையன், அதிலும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்று நம் வாசலில் அப்பா போட்ட சத்தத்தைக் கேட்டவர் அவர். சிரிப்பதற்கு உரிமை உண்டு. இசைவாணி இரண்டாவது படிக்கிறாள்.

நான் இங்கே கல்லூரியில் பண்டைய ரோமாபுரியின் வரலாறு நடத்துகிறேன். செத்தவங்க கதையைச் சொல்லியா சம்பளம் வாங்குறே என்று நீ கேலி செய்வாய். நீ தினமும் பத்திர ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து எழுதுகிறாயே உயில், அது அந்தச் செத்தவர்கள் விட்டுப்போனதுதான். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை பிறந்ததுமே அவனுக்குச் சொத்தில் பங்கு வந்துவிடும். நான் செத்த பிறகும் என் சொல்தான் நடக்க வேண்டும் என்று தாளில் எழுதி வைக்கிற வழக்கம் கிடையாது. அது ரோமாபுரியிலிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவி, வெள்ளைக்காரனோடு கப்பலேறி இங்கே வந்து இறங்கியது. அப்பாவின் உயிலில் 9.8.2019 என்று தேதி போட்டிருக்கிறாய். அந்த ஆகஸ்டு மாதத்துக்கே அவர்களுடைய சக்கரவர்த்தி ஒருவரின் பேர்தான்.

அங்கே ஒரு தகப்பன் மகனை ஒதுக்க நினைத்தால், பேரைச் சொல்லித்தான் ஒதுக்க வேண்டும். மகளை ஒதுக்கப் பேர் தேவையில்லை. மற்றவர்கள் எல்லாரும் என்று மொத்தமாக வாரித் தள்ளிவிடலாம். இதை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். இப்போது நீ அனுப்பிய நகலை மூன்று தடவை படித்துவிட்டேன். ‘எனது மற்ற வாரிசுகள் எவருக்கும் எவ்வித பாத்தியமும் இல்லை’ என்று இருக்கிறது. என் பேர் ஓரிடத்திலும் இல்லை.

அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. காரணமில்லாமல் ஒதுக்கப்பட்ட பிள்ளை, உயில் செல்லாது என்று வழக்குப் போடலாம். ஆனால் என் தகப்பன் கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லிப் போக முடியாது. உயில் எழுதின நேரத்தில் அவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லித்தான் போக வேண்டும். நல்ல புத்தியில் இருக்கிற தகப்பன் பெற்ற பிள்ளையை மறக்க மாட்டான் என்று அவர்கள் நம்பினார்கள், அல்லது நம்புவதாக வைத்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். நேற்று நடத்தும்போது பாதியில் நிறுத்திவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீடு எனக்கு வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ‘திட புத்தியுடனும் பூரண சுயநினைவுடனும்’ என்று உயிலை ஆரம்பித்திருக்கிறாய். உன்னிடம் வருகிற எல்லாருக்கும் எழுதுகிற வரிதான் அது. அப்பா விஷயத்தில் அது நிஜமா? அப்போதே அவருக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறியிருந்தது என்று உன் கைப்பட ஒரு வரி எழுதி அனுப்பு. அதை எந்தக் கோர்ட்டுக்கும் கொண்டுபோக மாட்டேன். பீரோவில் வைத்துக்கொள்வேன். நீ கேட்ட கையெழுத்தை அன்றைக்கே போட்டு அனுப்புகிறேன்.

கயல்விழி


மஞ்சக்குப்பம், கடலூர்
27.6.2024

கயலுக்கு,

ரோமாபுரிக்காரன் வந்து மஞ்சக்குப்பத்தில் வீட்டு வரி கட்டப்போவதில்லை. உன் பாடத்தைக் கல்லூரியோடு வைத்துக்கொள்.

அப்பா புத்தி தெளிவாகத்தான் இருந்தார். அந்த வருஷமெல்லாம் காலையில் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டு என்னோடு அரசியல் சண்டை போடுவார். பதிவு செய்கிற அன்று சார்பதிவாளர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவரைத் தனியாகக் கேள்வி கேட்டார். சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டு ராஜாமணி சார் உள்ளேதான் இருந்தார், வேண்டுமானால் கேட்டுப் பார். உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க என்று கேட்டதற்கு, “ரெண்டு. ஒரு பையன், ஒரு பொண்ணு” என்று டக்கென்று சொன்னாராம். பொண்ணுக்கு ஒண்ணும் வைக்கலையா என்று கேட்டதற்கு, “தெரிஞ்சுதான் எழுதுறேன்” என்றாராம். இதற்குமேல் திட புத்திக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? இல்லாததை இருந்ததாக என்னால் எழுதித் தர முடியாது.

உன் பேர் விஷயம். நான் எழுதின முதல் வரைவில் உன் பேர் இருந்தது. ‘எனது மகள் கயல்விழிக்கு எவ்வித பாத்தியமும் இல்லை’ என்றுதான் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். “அந்தப் பேர எடுத்துடு” என்றார். கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்து, வழக்கமாக எழுதுகிற வரியைப் போட்டேன். ஏன் எடுக்கச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நீ மட்டும் என்ன யோக்கியம்? கடைசி மூன்று வருஷம் அவர் கிடந்த கிடப்பை நானும் ஸ்ரீமதியும்தான் பார்த்தோம். நிஜமாகவே பாசமுள்ள மகள் என்றால், நான் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு உள்ளே வந்திருப்பாள்.

பாலகுமார்


சிதம்பரம்
5.7.2024

அண்ணனுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாள் உள்ளே இருக்கிறது. பென்சில் குறியை அழித்துவிட்டேன், அசிங்கமாக இருந்தது.

நீ எழுதியதை நம்புகிறேன். நீ தாளில் பொய் எழுதுகிற ஆள் இல்லை. ரெண்டு பிள்ளை என்று சரியாகச் சொல்லிவிட்டு, அதில் ஒன்றை அடித்துப் போட்டிருக்கிறார். அவருக்கு மறதி என்றிருந்தால் நான் நிம்மதியாக அழுதிருப்பேன். இப்போது அழுகைகூடச் சரியாக வரவில்லை. இவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைக்கிறார். அப்பா கடைசிவரை உட்காரவே சொல்லாத இந்த மனிதர், நேற்று என்னிடம் அப்பாவுக்காகப் பரிந்து பேசினார். அந்தக் காலத்து ஆளு, விடு என்றார்.

கேட்டை ஆட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்கிறாய். 2022 பொங்கலுக்கு வருகிறேன் என்று போன் செய்தேன். “அவரு ஒன்ன பாக்க விரும்பல” என்றாய். அடுத்த சித்திரையில் இசைவாணியைக் கூட்டிக்கொண்டு வரவா என்று கேட்டேன். பார்த்தால் பிரஷர் ஏறிவிடும், டாக்டர் திட்டுவார் என்றாய். போன வருஷம் ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமலே கிளம்பி வந்து, கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி உனக்குப் போன் செய்தேன். பத்து நிமிஷத்தில் வண்டியில் வந்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய். அவர் என் பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று சொல்லி, நீயே சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் சீட்டும் பிடித்துக் கொடுத்தாய். அண்ணன் சொல்வதை நம்பினேன். அது என் தப்புதான்.

ஒன்று மட்டும் நெருடுகிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள உன் வீட்டில் இருந்தார்களே இருசம்மாள் அக்கா, அவர்களைப் போன வாரம் கீரப்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அய்யா ஒன்னியத்தாம்மா கேட்டுகினே இருப்பாரு. பாப்பா பஸ்ஸு வந்துச்சான்னு உசுர எடுப்பாரு” என்றார்கள். பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அது நிஜமா? நீ பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. உனக்கு வேண்டிய தாள் வந்துவிட்டது.

கயல்விழி


மஞ்சக்குப்பம், கடலூர்
2.8.2024

கயலுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாளை ஆபீசுக்குக் கொண்டுபோகவில்லை. இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இருசம்மாள் சொன்னது நிஜம்.

கொரோனா இரண்டாவது அலையில் அப்பா பிழைத்து வந்தார் இல்லையா, அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் சின்னச் சின்னதாக. குழாயைத் திறந்துவிட்டு வந்துவிடுவார், சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டு கேட்பார். பிறகு வேகமாகப் போய்விட்டது. புதுசு முதலில் அழிந்து, பழசு பிறகு அழிந்தது. உன் கல்யாணம் சீக்கிரமே அழிந்துவிட்டது. வாசலில் நடந்த சண்டை, செம்பியன் மச்சான், உயில் எல்லாம் அதோடு போயின. அவர் கணக்கில் நீ சிதம்பரத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பஸ்ஸில் வீட்டுக்கு வருவாயே, அது மட்டும் அவர் நினைப்பில் நின்றுவிட்டது. தினமும் அவருக்கு வெள்ளிக்கிழமைதான்.

நாலு மணிக்கெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கொண்டியைப் போட விடமாட்டார். “பாப்பா பஸ்ஸு வந்துடுச்சாடா?” என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஸ்ரீமதி தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வெளியே போய், கேட்டைத் திறந்து, “வந்துட்டேம்பா” என்றாள். அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீ ஸ்ரீமதி. பாப்பா எங்க?” என்றார். என் பேரே தெரியாமல் சார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்த காலம் அது.

உன்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாய். அதைத்தான் மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீ வந்து அவரை அந்த நிலையில் பார்த்தால், உயில் எழுதும்போதே இப்படித்தான் இருந்திருப்பார் என்று கேஸ் போடுவாய் என்று பயந்தேன். என் தொழிலில் அப்படி உடைந்துபோன உயில்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். பெரியவங்களுக்கு மறதி வந்துட்டா மத்த வாரிசை வீட்டுக்குள்ள விடாதீங்க என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நானே வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அது நல்ல யோசனை என்று நினைத்துத்தான் சொன்னேன். என் வீட்டுக்கு வந்தபோதும் அதையே செய்தேன். தங்கச்சி என்ற நினைப்பே வரவில்லை. நீ எனக்கு எதிர்த் தரப்பாகத்தான் தெரிந்தாய்.

அந்த வெள்ளிக்கிழமை உனக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மணி ஐந்து இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “பாப்பா வந்துச்சா?” என்றார். “இல்லப்பா, இன்னிக்கு பஸ்ஸு ஓடல” என்றேன். பாவம், நின்னுட்டு இருக்குமே என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். உன்னைக் கூட்டிவரக் கிளம்பினார், கயல். நானும் இருசம்மாளும் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனோம். கதவைப் பூட்டினோம்.

அதற்குப் பிறகு அவர் எட்டு மாதம் இருந்தார். நான் உன்னைக் கூப்பிட அத்தனை நாள் இருந்தது.

இதோடு இருபது ரூபாய் பத்திரத்தில் ஒரு உறுதிமொழி வைத்திருக்கிறேன். 9.8.2019 அன்று எங்கள் தகப்பனார் சுப்பராயலு திட புத்தியுடன் இல்லை என்றும், அது எனக்குத் தெரியும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ பீரோவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. கோர்ட்டில் போடு. நான் எதிர்த்து வக்கீல் வைக்க மாட்டேன். உயில் உடைந்துவிடும், வீட்டில் உனக்குச் சரிபாதி வந்துவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் தாளில் நான் எழுதின ஒரே பொய் இதுதான். நீ கேட்ட வரி இதில் இருக்கிறது, எடுத்துக்கொள்.

பாலகுமார்


சிதம்பரம்
16.8.2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைக் கல்லூரியில் வைத்துப் படித்தேன். வீட்டில் இசைவாணி இருப்பாள். படித்துவிட்டு இரண்டு வகுப்பு நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று தெரியாது. சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கடலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்ததும் இறங்கிவிட்டேன். யாரைப் பார்க்கப் போவது?

உன் உறுதிமொழிப் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அது வேண்டும் என்று ஜூன் மாதம் உன்னிடம் நான்தான் கெஞ்சினேன். இப்போது கையில் வைத்துப் பார்த்தால் வேண்டாம் என்று இருக்கிறது. அப்பாவுக்கு அன்றைக்குப் புத்தி நன்றாகத்தான் இருந்தது. தெரிந்துதான் எழுதினார். அவர் செய்த காரியம் அது, அதை அவரிடமிருந்து பிடுங்க நீயும் நானும் யார்? என் பேரை எடுக்கச் சொன்னதுகூட எதற்கோ. பேரைச் சொல்லி அறுக்க அவருக்கு வாய் வரவில்லை என்று இவர் சொல்கிறார். வெறும் கோபமாகவும் இருக்கலாம். எது என்று இனிமேல் எனக்குத் தெரியப்போவதில்லை. இந்த இரண்டில் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

ரோமாபுரிப் பாடத்தை இந்த வருஷம் முடித்துவிட்டேன். புத்தி கெட்டால்தான் தகப்பன் பிள்ளையை மறப்பான் என்று எழுதிப்போட்டதை ஒரு பையன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டான். எங்கள் வீட்டில் தலைகீழாக நடந்தது என்று சொல்லத் தோன்றியது. பரீட்சைக்கு அது வராது என்பதால் சொல்லவில்லை.

உயில் எழுதின அப்பாவைப் பற்றி எனக்கு வருத்தம்தான், கோபம் இல்லை. அவர் ஒரு தரம் என்னைத் தள்ளினார், நாளைக்கே தானே மனசு மாறி என்னைக் கூப்பிட்டுவிடுவோமோ என்று பயந்து எழுதியும் வைத்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா என்னைத் தள்ளவில்லை, அண்ணா. அவர் எனக்கு அப்பாவாக மூன்று வருஷம் இருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாமலே முடிந்துபோனது. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்தோம். அவர் செருப்புத் தேடினார். நான் நீ பிடித்துக் கொடுத்த ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னிடமிருந்து எடுத்தது வீடு இல்லை. அதற்குப் பத்திரம் எழுத உன்னாலும் முடியாது.

நான் கையெழுத்துப் போட்ட தாளையும் திரும்ப உனக்கே அனுப்புகிறேன். ஆபீசில் கொடுத்துப் பேரை மாற்றிக்கொள். அண்ணியிடம், பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாளே, அதற்காக என் நமஸ்காரத்தைச் சொல். அவளிடம் நான் ஒரு நாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். கை போகவில்லை. நிஜத்தை எழுதிவிட்டாய், அதற்கு உனக்குச் சிரமமாக இருந்திருக்கும், அதெல்லாம் தெரிகிறது. தெரிந்தும் முடியவில்லை. எனக்கும் இப்போது திட புத்திதான்.

இந்த வியாதி சில குடும்பங்களில் அடுத்த தலைமுறைக்கும் வரும் என்கிறார்கள். எனக்கு வந்தாலும் வரும். வந்தால் இதெல்லாம் எனக்கு முதலில் அழியும். உன் கடிதம் அழியும், அப்பா செத்தது அழியும். ஏதாவது ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு, சிதம்பரத்திலிருந்து படிப்பு முடித்து வருகிற பெண்ணாக நான் உன் கேட்டுக்கு வந்து நிற்பேன். அப்போது என்னைத் திருப்பி பஸ் ஏற்றிவிடாதே. உள்ளே கூட்டிப்போய் உட்கார வை.

அதுவரைக்கும் என்னை எதிர்பார்க்காதே.

கயல்விழி